மணப்பாறையிலிருந்து அரங்கன் வீதி வரை

மணப்பாறை என்றதும் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு முதலில் வருவது முறுக்கு. ரயில் நின்றதும் சன்னல் ஓரமாக ஒலிக்கும் முறுக்கு வியாபாரிகளின் குரலைக் கேட்காமல் இவ்வூரைக் கடந்தவர் இரார். அந்த முறுக்குக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுத்து நினைவுக்கு வருவது மாட்டுச் சந்தை. ஆனால் இவ்வூரிலேயே பிறந்து முதுமையும் எய்திவிட்ட என் போன்றோருக்கு மணப்பாறை என்றால் வேப்பிலை மாரியம்மன்தான். சித்திரைத் திருவிழாவில் மஞ்சள் ஆடையுடன் பால்குடங்கள் அணிவகுத்து வருவதும், வேடபரியன்று அம்மன் வேட்டைக்கு எழுந்தருள்வதும் கண்ணை விட்டு அகலாத காட்சிகள். அக்காட்சிகளோடு பிரிக்க முடியாதபடி என் செவியில் நிற்பது, கூட்டத்துக்கு முன்னே சென்ற நாயன ஓசை.

அவ்வாறு ஊர்க் கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் நாயனம் வாசித்தவர்களில் ஒருவர் என் தகப்பனார். எனக்கும் ஏழு வயதில் சீவாளியைக் கையில் கொடுத்தார். பத்து ஆண்டுகள் கற்றேன். பிறகு விட்டுவிட்டேன். ஏன் என்பதை இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை.

1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைக்கு வந்தது. மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் திரைக்குப் பின்னால் வாசித்த நாதஸ்வரத்தைக் கேட்டுத் தமிழ்நாடே கிறங்கி நின்றது. நானும் நண்பர்களோடு மும்முறை பார்த்தேன். ஆனால் என் தந்தை நாயனக்காரர் என்று அந்த நண்பர்களிடம் நான் சொல்லவில்லை. திரையில் கண்ட பெருமை வேறு. கல்யாண வீட்டில் நாள் முழுவதும் ஊதிவிட்டுக் கடைசிப் பந்தியில் அமர்ந்து உண்ணும் தந்தையைக் கண்ட மகனின் கூச்சம் வேறு. இரண்டு ஆண்டுகளில் ரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது. தந்தை ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் காலத்துக்குப் பின் என் பங்காக வந்து சேர்ந்த அவருடைய நாயனத்தைத் துணியுறையோடு பரணில் வைத்தேன்.

அதைக் கீழே இறக்கியவன் என் மகள் வயிற்றுப் பேரன். பள்ளிப்படிப்பை முடித்துத் தொழிற்பயிற்சியும் பெற்றவன், யார் சொல்லியும் கேளாமல், ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரப் பிரிவில் சேர்ந்தான். மூன்றாண்டுப் படிப்பு, இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அப்போது அவன் முன்னரே விண்ணப்பித்திருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. பத்து நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவனோ தயங்கினான். மகள் கண்கலங்கி என்னிடம் வந்தாள்.

“அப்பா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் சொல்லைத் தட்டமாட்டான்.”

வேலைக்குப் போகச் சொல்வதற்காகவே அன்று அவனுடன் புறப்பட்டேன். ஏகாதசி நாள், பெருமாளையும் சேவித்ததாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

மணப்பாறையிலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காலை ரயிலில் அமர்ந்ததும், பயிற்சி எப்படி நடக்கிறது என்று பேச்சை ஆரம்பித்தேன். அவன் சொல்லச் சொல்ல என் பழைய நாட்கள் திரும்பி வந்தன. முதலில் வாய்ப்பாட்டாகச் சரளி வரிசை பாட வேண்டும். தொண்டையில் நில்லாத சுரம் குழலில் நில்லாது. பிறகு சீவாளியை மட்டும் உதட்டில் பொருத்திக் காற்றை அடக்கி ஊதிப் பழக வேண்டும். நாயனத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். அந்த ஏழு துளைகளில் ராகத்தின் எல்லா நெளிவுகளையும் கொண்டுவருவது விரலின் வேலை மட்டுமன்று. துளையை எவ்வளவு மூடுவது, உதட்டால் சீவாளியை எவ்வளவு இறுக்குவது, மூச்சை எவ்வளவு விடுவது என்னும் மூன்றும் ஒருங்கே கூட வேண்டும்.

“தாத்தா, உங்கள் காலத்தில் ஒத்து ஊதுவார்களாமே?” என்றான்.

ஒத்து என்பது நாயனம் போன்றே தோன்றும், சுருதி ஒன்றை மட்டும் இடைவிடாது ஒலிக்கும் குழல். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். குருவுக்குப் பக்கத்தில் நின்று ஆண்டுக்கணக்கில் ஒத்து ஊதியே பலர் வித்தை கற்றார்கள். நானும் என் தந்தைக்கு ஒத்து ஊதியவன்தான். இன்று அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டது. இதைச் சொன்னபோது அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பூங்குடி தாண்டித் திருச்சி சந்திப்பும் வந்துவிட்டது. நான் சொல்ல வந்த வார்த்தை மட்டும் வாயிலேயே நின்றது.

மத்தியப் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் எண் பேருந்தைப் பிடித்தோம். மலைக்கோட்டைத் தாயுமானவரையும் உச்சிப்பிள்ளையாரையும் பேருந்திலிருந்தே கைகூப்பி வணங்கினோம். காவிரிப் பாலம் வந்தபோது பேரன் கரையோரத்துப் பசுமையைச் சுட்டிக்காட்டினான். சீவாளிக்கு வேண்டிய கொறுக்கைத் தட்டை காவிரிக் கரையில் விளைவது. அதை அறுத்து, உலர்த்தி, பதப்படுத்தி, மடித்துக் கட்டிச் சீவாளி ஆக்குகிறார்கள். குழலின் உடலாகிய உலவுக்கு ஆச்சா மரம். கும்பகோணத்துக்கு அருகில் உள்ள நரசிங்கம்பேட்டையில் ஆசாரிமார் பரம்பரையாகக் கடைந்து தருகிறார்கள். அந்நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதாக வெட்டிய மரம் அதற்கு உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு காய்ந்து இறுகிய தூணும் உத்தரமுமே நல்ல நாயனமாகின்றன. பயன் முடிந்ததென்று கழித்த மரத்தில் நாதம் பிறக்கிறது என்று அவன் சொன்னபோது, ஓய்வூதியம் வாங்கும் எனக்கு அது சற்றே உறைத்தது.

தெற்கு வாயிலில் இறங்கி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம். 13 நிலைகள், 236 அடி. என் வயதுடையோர்க்கு இது மொட்டைக் கோபுரமாக நின்ற காலம் நினைவிருக்கும். நாயக்கர் காலத்தில் ஆரம்பித்து அடித்தளத்தோடு நின்றுபோன திருப்பணி, ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்குப் பின், அகோபில மடத்து 44-ஆம் பட்டம் அழகிய சிங்கரின் பெருமுயற்சியால் நிறைவுற்று, 1987 மார்ச் 25-ஆம் நாள் கும்பாபிஷேகம் கண்டது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து வேறொருவர் தொடர்ந்ததால் நிமிர்ந்த கோபுரம் அது.

நாழிகேட்டான் வாசல் கடந்து, பெரிய பெருமாளைத் திருவடி முதல் திருமுடி வரை சேவித்தோம். நம்பெருமாள் புறப்பாட்டுக்காகக் காத்திருந்த வேளையில் நாயனமும் தவிலும் எழுந்தன. பேரன் என் காதோடு, “மல்லாரி, தாத்தா” என்றான்.

மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. சொற்கட்டும் சுரமும் மட்டுமே. கம்பீர நாட்டை ராகத்தில், காலம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். சுவாமி புறப்பாட்டுக்கென்று ஒரு மல்லாரி, தேருக்கென்று தேர் மல்லாரி, நைவேத்தியம் எடுத்து வரும்போது தளிகை மல்லாரி, தீர்த்தம் கொண்டுவரத் தீர்த்த மல்லாரி என்று வகைகள் உண்டு. தெரு முனையில் நிற்பவன் கண்ணால் காணுமுன்பே, பெருமாள் எழுந்தருளிவிட்டார் என்பதைச் செவியால் அறிவிக்கும் வித்தை அது. ஸ்ரீரங்கத்து நடையழகு ஊரறிந்தது. ஸ்ரீபாதம் தாங்குவோர் சிம்மநடையிலும் சர்ப்பநடையிலும் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணும்போது, கண்ணுக்கு அந்நடையும் காதுக்கு அந்நாதமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை.

இந்தக் க்ஷேத்திரத்தில் பெருமாளே இசைக்காக நின்றதாக ஒரு செவிவழி வரலாறு உண்டு. தியாகராஜ சுவாமிகள் ஸ்ரீரங்கம் வந்திருந்தபோது, குதிரை வாகனத்தில் எழுந்தருளிய பெருமாளைக் கூட்ட நெரிசலால் அருகில் சென்று சேவிக்க முடியவில்லையாம். வாகனம் நகர மறுத்து நின்றுவிட்டது. பிறகு காரணம் உணர்ந்து, சுவாமிகளை முன்னே அழைத்துவந்து சேவை செய்வித்த பின்பே வாகனம் நகர்ந்தது என்பர். ஸ்ரீரங்க நாதர் மீது அவர் இயற்றிய ஐந்து கீர்த்தனைகளை ஸ்ரீரங்க பஞ்சரத்தினம் என்று போற்றுகிறோம்.

புறப்பாடு சேவித்துச் சித்திரை வீதியில் நடந்து வரும்போது, “இந்த ஊரில்தானே சின்ன மௌலானா சாகிப் இருந்தார்?” என்று நானே கேட்டேன். திருச்சி வானொலியின் காலை மங்கள இசையில் எத்தனையோ நாள் அவர் வாசிப்பைக் கேட்டிருக்கிறேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு கணம் நிற்க வைக்கும் மென்மை அதில் இருக்கும். பேரன் தன் ஆசிரியர் வாயிலாகக் கேட்ட வரலாற்றைச் சொல்லத் தொடங்கினான்.

ஷேக் சின்ன மௌலானா 1924-இல் ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்துக் கரவதி என்னும் ஊரில் பிறந்தவர். குண்டூர், பிரகாசம் பகுதிகளில் இஸ்லாமியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நாதஸ்வரம் வாசித்து, இராமர் கோயில் உற்சவங்களில் தொண்டு செய்து வந்திருக்கின்றன. தந்தையார் காசிம் சாகிபிடமும், பின்னர் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபிடமும் பயின்றார். இளமையிலேயே பெயரும் பெற்றார். ஆனால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பைக் கேட்ட நாள் முதல் அவருக்கு உறக்கம் போயிற்று. தாம் கற்றது போதாது, தஞ்சாவூர்ப் பாணியைக் கற்க வேண்டும் என்னும் தாகம் பிறந்தது. ஊரில் கிடைத்த பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் காவிரி நாட்டுக்கு வந்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மீண்டும் மாணவராக அமர்ந்தார். 1960-களில் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். தெலுங்கு தாய்மொழி, வேறு சமயம், ஆனாலும் அரங்கன் நிழலே தமக்குப் போதும் என்று வாழ்நாள் முழுவதும் இவ்வூரிலேயே இருந்தார். 1982-இல் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை இங்கே தொடங்கி, தேடிவந்த இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1998-இல் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி விருது அளித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இறைவனடி சேர்ந்தார். பேரர்கள் காசிமும் பாபுவும் இன்று அவர் வழியில் வாசித்து வருகிறார்கள். அவரிடம் பயின்ற ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி மஹபூப் தம்பதியர் ஸ்ரீரங்கத்திலேயே வாழ்ந்து நாதஸ்வரத் தொண்டு புரிந்து, 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள்.

நான் பேச்சற்று நடந்தேன். அவர் நாயனத்தைத் தேடி இருநூறு காத தூரம் வந்ததுபோல் வந்த அதே காலத்தில்தான், நாயனம் வீட்டிலேயே பிறந்திருந்த நான் அதைப் பரணில் ஏற்றினேன். வித்தை பிறப்பால் வருவதென்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீதியோரத்தில் நின்று எண்ணிப் பார்த்தபோது, அது தாகத்தால் வருவதென்றே தோன்றியது.

மாலையில் அம்மா மண்டபம் படித்துறையில் அமர்ந்தோம். காவிரியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. இனியும் தள்ளிப்போட இயலாது என்று, “வேலைக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய், தம்பி?” என்று கேட்டேன்.

அவன் நேராகப் பதில் சொல்லவில்லை. வரும் மார்கழியில் தான் செய்ய எண்ணியிருப்பதைச் சொன்னான். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் 30 நாளும் விடியலில், நாளுக்கொரு திருப்பாவைப் பாசுரம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 30 பாசுரங்களுக்கும் அமைத்த ராகங்களிலேயே வாசிப்பது. வாசிக்கும் முன் அன்றைய ராகத்தையும் பாசுரத்தின் பொருளையும் இரண்டு நிமிடத்தில் சொல்வது. உடன் தவிலுக்கு ஒரு தோழன். வயலினுக்கு ஒரு தோழி.

“நாயனத்துக்கு வயலினா? மரபு என்று ஒன்று இல்லையா?” என்று என்னையறியாமல் குரலை உயர்த்திவிட்டேன்.

“தாத்தா, ராஜரத்தினம் பிள்ளை ஒத்தை நிறுத்திவிட்டுத் தம்பூரா வைத்துக்கொண்டாரே, அப்போதும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்” என்றான் பணிவாக.

அவன் சொன்னது உண்மை. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த அம்மேதை, தோடியை மணிக்கணக்கில் விரித்து வாசித்துக் கச்சேரி மேடையில் நாதஸ்வரத்தின் தகுதியை உயர்த்தினார். அதுவரை வழக்கிலிருந்த திமிரி நாயனம் அளவில் சிறியது, சுருதியில் உயர்ந்தது. அதில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசாது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியாரோடு கலந்து, நீண்ட, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாயனத்தை உருவாக்கச் செய்தார். இன்று மேடையெங்கும் ஒலிப்பது பாரிதான். இன்று நாம் மரபென்று வணங்குவதில் ஒரு பகுதி, அன்று அவர் துணிந்து செய்த புதுமை. பெண்கள் நாயனம் எடுப்பதா என்று கேட்ட காலமும் இருந்தது, மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அம்மையார் அதற்குத் தம் வாசிப்பாலேயே விடை சொன்னார்.

“பாரியில் அடக்கி வாசித்தால் வயலினோடு சேரும், தாத்தா. சேரவில்லையென்றால் நானே விட்டுவிடுகிறேன்” என்றான். சிறிது நேரம் கழித்து, “வேலைக்குப் போய்விட்டால் திரும்பி வருவேனா என்று தெரியவில்லை. நீங்கள் வந்தீர்களா?” என்று கேட்டான்.

குத்திக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டான். ஆனால் என்னிடம் சொல்லத் தக்க விடை இல்லை. நாயனம் அவனுக்குச் சோறு போடும் என்று உறுதி கூறவும் என்னால் முடியவில்லை. முகூர்த்த நாட்களை நம்பியே ஆண்டைக் கழிக்கும் கலைஞர்கள் இன்றும் உண்டு. பல கோயில்களில் தீபாராதனைக்கு மின்சார மேளமே முழங்குகிறது. பொத்தானை அழுத்தினால் மணியும் பேரிகையும் தாமே அடித்துக்கொள்ளும். விடியலில் பூபாளமும் பள்ளியறைக்கு நீலாம்பரியும் அதற்குத் தெரியாது.

“படிப்பு முடிய இன்னும் ஓராண்டுதானே? முடித்துவிடு. வேலை அதற்குப் பின்னும் கிடைக்கும். அதுவரை உன் செலவு என் ஓய்வூதியத்தில்” என்றேன். மகளுக்கு என்ன சொல்வது என்ற கவலையோடுதான் இரவு ரயிலேறினேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மார்கழி வந்தது. முதல் நாள் விடியற்காலை பனியில் கோயிலுக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நால்வர் எங்கள் வீட்டார். கால் வலியைப் பொருட்படுத்தாமல் நானும் பேரனின் பக்கத்தில் அமர்ந்து சுருதிப்பெட்டியைக் கவனித்துக்கொண்டேன். ஒத்து ஊதிய பழைய இடம் அது. வயலின் முதல் இரண்டு நாள் எடுபடவில்லை. மூன்றாம் நாள் பேரன் தன் ஊதலை அடக்கிக்கொண்டான், சேர்ந்தது. அன்று தீபாராதனையின்போது அர்ச்சகர் சுவாமி வழக்கமான பொத்தானை அழுத்தவில்லை. நாயனமும் தவிலுமே ஒலிக்கக் கற்பூரம் காட்டினார். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாதம் முழுவதும் அப்படியே நடந்தது. இருபதாம் நாளுக்கு மேல் உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. கடைசி வாரத்தில் ஒருநாள் என் மகள் பிரகாரத் தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இன்னும் அவளுடைய கவலை தீரவில்லை. ஆனாலும் விடியலில் அவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பவள் அவளே.

இக்கட்டுரையைப் படிக்கும் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். திருச்சிப் பக்கம் யாத்திரை வருவீர்களானால் மணப்பாறையில் இறங்கி வேப்பிலை மாரியம்மனைத் தரிசித்து, அங்கிருந்து திருச்சி வழியே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் சேவியுங்கள். ஒரே நாளில் இயலும். எந்தக் கோயிலிலும் சந்நிதியில் நாயனம் ஒலிக்கக் கேட்டால், உண்டியலைத் தாண்டி அவசரமாக நடந்துவிடாமல், அந்த ராகம் முடியும் வரை ஐந்து நிமிடம் நில்லுங்கள். முடிந்ததும் வாசித்தவரை நோக்கிக் கைகூப்புங்கள். உங்கள் வீட்டுத் திருமணத்தில் கெட்டிமேளத்துக்கு மட்டும் அவர்களைத் தேடாமல், அமர நல்ல இடமும் முதல் பந்தியில் இலையும் அவர்களுக்குப் போடச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவன் குழலைக் கையில் எடுத்தால், வேண்டாம் என்று சொல்லுமுன் ஒரு முறை அவன் ஊதுவதைக் கேளுங்கள்.

என் தந்தைக்கு இவற்றுள் ஒன்றையும் நான் செய்யவில்லை. பரணிலிருந்து இறங்கிய அவருடைய திமிரி நாயனத்துக்குப் புதுச் சீவாளி பொருத்தியாயிற்று. கச்சேரிக்கு அது உதவாதாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலைகளில், எங்கள் தெரு அம்மன் கோயிலில் விளக்கேற்றும் நேரத்தில், பேரன் அதைத்தான் எடுத்து வாசிக்கிறான்.